நின்ற வண்டியும் உடையவர் கடனும்

ஒரு பொருளை உடைமையாகக் கொண்ட ஒருவர் அதனைப் பயன்படுத்தவும் இல்லை, பிறருக்குக் கொடுக்கவும் இல்லை, பேணவும் இல்லை என்றால், அவர் ஏதேனும் தீங்கு செய்தவர் ஆவாரா? இவ்வினாவை முதலில் கேட்கும்போது விடை எளிதாகவே தோன்றும். உயிரில்லாத பொருளுக்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. மரப்பெட்டியைத் திறந்து வைத்தாலும் பூட்டி வைத்தாலும் பெட்டி வருந்துவதில்லை. சீவன் என்றும் அசீவன் என்றும் வகுத்துக் கொண்டு வாழ்கின்ற நம்மவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதே இல்லை. ஆகவே, ‘பொருளுக்கு யாரும் தீங்கு செய்ய முடியாது, மேலே பேச ஒன்றுமில்லை’ என்று முடித்துவிடலாம்.

ஆயினும் அவ்வளவு விரைவில் முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை. தீங்கு பொருளுக்கு இல்லை என்பதனால் தீங்கே இல்லை என்று ஆகிவிடாது. கிணற்றைத் தூர்ந்துபோக விட்டவன் கிணற்றை வருத்தவில்லை. ஆனால் அத்தெருவில் தாகம் எடுத்தவர் வேறிடம் தேடி நடக்க வேண்டியதாயிற்று. உடைமை என்பது பொருளுக்கும் நமக்கும் இடையே உள்ள உறவு மட்டுமன்று. அப்பொருளால் பயன்பெறக் கூடிய மற்றவர்களையும் அதனால் கேடுறக் கூடிய மற்றவர்களையும் தொட்டுக்கொண்டு நிற்பது. இதனை நூலறிவால் மட்டும் எழுதவில்லை. 2024-ஆம் ஆண்டு வைகாசி முதல் நம் பிறந்த வீட்டுக் கொட்டகையில் இருபத்தொரு ஆண்டுகள் அசையாமல் நின்ற கார் ஒன்றின் எஞ்சினை மீண்டும் ஓடச் செய்த முயற்சியை அருகிலிருந்து பார்த்ததனால் எழுதுகிறோம். காரைப் பற்றி நம் இதழில் என்ன பேச்சு என்று எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார். இளைஞர்கள் பலர் அதன் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றே வகை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. 1948-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் தொழிற்சாலை வைத்து, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரை 1961 முதல் இங்கே உருவாக்கி விற்றனர். அதன் வடிவத்தை அமைத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். முதலில் இரண்டு கதவுகளோடு வந்தது. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம் நாட்டு வழக்கத்திற்கு அது ஒவ்வாமையால், பின்னர் நான்கு கதவுள்ள வண்டியை இங்கேயே செய்தார்கள். அது இங்கிலாந்தில் கிடையாது. நம் அண்ணாருடையது 1970-இல் முதற்பதிவு பெற்ற நான்கு கதவு வண்டி. 1976-இல் அவர் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். நான்கு சிலிண்டர்கள், 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றுக்கும் இதனினும் ஆற்றல் மிகுதி. இதன் சிறப்பு என்னவென்றால், முகப்பு முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். பழுதுபார்ப்பவர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்துகொண்டு எஞ்சினின் எல்லாப் பக்கத்தையும் காணலாம்.

2003-ஆம் ஆண்டில் அதன் பெட்ரோல் பம்பிலிருந்த டயபிரம் கிழிந்தது. சிறிய பழுதுதான். ஆனால் அந்த ஆண்டிலேயே அண்ணாருக்குப் பார்வை மங்கியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கொட்டகையில் விட்டார்கள். அந்த நாளை வரவில்லை. 2018-இல் அவர் காலமானார். அதன் பின்னும் வண்டி அங்கேயே நின்றது.

சென்ற ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்காரர் இருமுறை வந்து கேட்டார். இரண்டாம் முறை இருபத்திரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். எண்பத்திரண்டு வயதான நம் அண்ணியார், கொடுத்துவிடலாம் என்றார். அவர் மகன் கொடுக்க இசையவில்லை. ஓடவைக்க வேண்டும் என்றான். அதற்கு நாற்பதாயிரமேனும் ஆகும் என்று தெரியவந்தது. தாய்க்கும் மகனுக்கும் இடையே இது ஒரு மாதம் பேச்சாயிற்று. சில நாள் பேச்சற்ற நிலையும் ஆயிற்று. இருவரும் நம்மிடம் வந்து தீர்ப்புக் கேட்டார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்த்து வைத்தவர் என்னும் நம்பிக்கை போலும்.

அண்ணியாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “அவர் பேரைச் சொல்லி இரும்புக்குச் செலவு செய்வதைவிட, அவர் பேரைச் சொல்லி ஒரு பிள்ளைக்குப் படிப்புக்குக் கொடுக்கலாமே!” என்றார். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானத்தைப் போற்றுகின்ற மரபில் வந்தவர் இப்படித்தான் பேசுவார். நம் கழனியில் நெடுங்காலம் உழைத்த ஓர் அம்மையாரின் பேத்தி செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தும் கட்டணத்திற்குத் தவித்துக்கொண்டிருந்ததையும் அவர் சுட்டிக் காட்டினார். மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட குடும்பத்தில், ஓடாத காரை ஓடவைப்பது ஒரு வேண்டாத ஆசைக்கு மீண்டும் நெய் வார்ப்பதாகும் என்பது அவர் கருத்து.

மகனுடைய வாதமோ, “அத்தை, நாங்கள் இருபது வருஷமாக அதை ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லையே, விட்டுத்தானே வைத்திருந்தோம்!” என்பது. அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் நமக்கு வினாவின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று புலப்பட்டது. ‘விட்டு வைத்தல்’ என்று எவ்வளவு இயல்பாகச் சொல்கிறோம்! ‘விடுதல்’ ஒரு செயல், ‘வைத்தல்’ அதற்கு எதிரான செயல். இரண்டையும் ஒன்றாகக் கோத்து ஒரு வினைச்சொல் ஆக்கிவிட்டோம்.

துறத்தல் வேறு, விட்டு வைத்தல் வேறு. துறந்தவர் உரிமையையும் விடுகிறார், அதனோடு சேர்ந்த கடமையையும் விடுகிறார். அவர் கை வெறுமை. விட்டு வைத்தவர் கடமையை மட்டும் விடுகிறார், உரிமையை விடுவதில்லை. அக்காரின் பதிவுப் புத்தகம் அந்த இருபத்தொரு ஆண்டுகளும் பீரோவில் பட்டுப்புடவைகளின் அடியில் பத்திரமாக இருந்தது. தெருப் பிள்ளைகள் கொட்டகையில் புகுந்து அதன் மேல் ஏறினால் வீட்டார் அதட்டி இறக்கினார்கள். கொட்டகை ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுக்கப்படவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் உடைமைக்கு இலக்கணம் கூறும்போது பொருளின் அளவைக் குறிக்காமல் பற்றினையே குறித்தார் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அந்த இலக்கணப்படி பார்த்தால், தூசு படிந்து ஓடாமல் நின்ற வண்டி, நாள்தோறும் ஓடிய வண்டியைவிடக் குறைந்த உடைமை அன்று. ஓடிய காலத்திலாவது அது பக்கத்துத் தெருப் பிரசவங்களுக்குப் போய்வந்தது.

அண்ணியார் கூறிய வழியில் ஒரு குற்றமும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போவதை நம்மவர்கள் இழிவாக எண்ணுகிறார்கள். அது தவறான எண்ணம். கடைக்காரர் எடுக்கும் இரும்பு உலைக்குச் சென்று வேறொரு வீட்டின் கம்பியாகிறது. அதுவும் ஒரு பயனே. 2003-லேயே கொடுத்திருந்தால் அது முழுமையான விடுதலாக இருந்திருக்கும். ஆனால் இன்று மகன் ஒருவன் தன் கையால் அதனைச் சீராக்க முன்வரும்போது, அவனைத் தடுத்து உலைக்கு அனுப்புவது ஒன்றுதான் அறம் என்று கூறவும் முடியவில்லை. ஆகவே நாம் இருவருக்கும் சொன்ன தீர்ப்பு இது: எஞ்சின் ஓடுமா என்று முதலில் பார்க்கட்டும். செலவாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக ஒரு ரூபாய் அந்தப் பெண்ணின் படிப்புக்கு அவனே தர வேண்டும். அண்ணியார் உடனே ஒப்புக்கொண்டார். மகன் சற்று யோசித்து ஒப்புக்கொண்டான். இரட்டிப்புச் செலவு என்று ஆனபின் ஒருவனுடைய விருப்பம் எவ்வளவு உண்மையானது என்பது தெரிந்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அவன் சென்னையிலிருந்து வரும்போதே புதிய பேட்டரியும் ஐந்து லிட்டர் பெட்ரோலும் கொண்டுவந்தான். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்போம் என்பது அவன் திட்டம். வந்தவாசியிலிருந்து வந்த மெக்கானிக் அறுபது வயதைக் கடந்தவர். இளமையில் ஹெரால்டு, அம்பாசிடர் இரண்டிலும் கைபழகியவர். அவர் பேட்டரியைத் தொடவே விடவில்லை. பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பிஸ்டனின் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் பிடித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் முழுவதும் கீழே வடிந்து, தேய்மானப் பரப்புகள் உலர்ந்திருக்கும். அந்நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முழு வலிமையால் சுழற்றினால், அசைய விரும்பாததை உடைத்து அசைப்பதாக முடியும். வளையம் முறியலாம், சிலிண்டரில் கீறல் விழலாம். இருபத்தொரு ஆண்டுகள் செய்யாத கேட்டை ஒரு நிமிடம் செய்துவிடும். “நின்னதால கெட்ட எஞ்சினைவிட அவசரத்துல கெட்டதுதான் டீச்சரம்மா அதிகம்” என்றார் அவர்.

முகப்பைத் திறப்பதற்கு முன் அவர் சுற்றிலும் தட்டினார். பாம்பு இருக்கக்கூடும் என்பதற்காகவே தட்டினார். பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கே உயிர் உண்டா என்று நோக்கிச் செய்ய வேண்டும் என்னும் ஒழுக்கம் நம் முனிவர்களுக்குரிய சமிதிகளுள் ஒன்று. அவருக்கு அதன் பெயர் தெரியாது, பழக்கம் தெரிந்திருந்தது. பாம்பு இல்லை. சைலன்சர் குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. பழைய கூடு, வெறுமையாய் இருந்தது. ஏர் கிளீனரின் மூடியைக் கழற்றியபோது, உள்ளே கிழிந்த இருக்கைப் பஞ்சாலும் காகிதத் துணுக்குகளாலும் அமைந்த கூடும், அதில் கண் திறவாத ஐந்து சுண்டெலிக் குட்டிகளும் இருந்தன.

இந்த இடத்தில் சிறிது நின்று பேச விரும்புகிறோம். எலியின்பால் உலகத்தார்க்கு இரக்கம் குறைவு. வண்டிக்கு உள்ளே எலி இருப்பது உண்மையாகவே கேடுதான். மின்கம்பிகளின் மேலுறையைக் கடித்துத் தின்னும், அதனால் தீப்பிடிக்கவும் கூடும். இதனை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. அதே வேளையில், கூட்டைக் கையால் எடுத்து வெளியே வைத்தால் தாய் திரும்பி வருமா என்பது உறுதியில்லை. வெயிலில் காக்கைக்கு இரையாவது உறுதி. சுண்டெலிக் குட்டிகள் கண் திறக்க இரண்டு வாரமும், தாய்ப்பாலை விட மூன்று வாரமும் ஆகும். மெக்கானிக்கிடம் காத்திருக்க முடியுமா என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. “எப்படியும் ஊறப் போட வேண்டியதுதானே!” என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்த கலவையைச் சில கரண்டி ஊற்றித் துணியால் மூடிவிட்டு, மூடியை முன்போலவே வைத்துவிட்டுப் போனார். எண்ணெய் துருவினுள் இறங்குவதற்கு ஒரு வாரம் போதும் என்றாலும், மூன்று வாரம் ஆனதால் ஒரு நட்டமும் இல்லை. காத்திருப்பதே வேலையின் பகுதியாக இருந்தது. நான்காம் ஞாயிறு கூடு காலியாக இருந்தது. அண்ணியாரே அதனை எடுத்து வேலியோரம் போட்டார். திரும்பவும் புகாதவாறு துவாரங்களுக்குக் கம்பிவலை அடிக்கப்பட்டது.

எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்த அந்த நாள்தான் மிகவும் கடினமான நாள். எஞ்சினின் முன்னால் உள்ள கப்பியின் நட்டில் நீண்ட ஸ்பேனரை வைத்து மெக்கானிக் மெல்ல அழுத்தினார். அசையவில்லை. மகன் தானும் சேர்ந்து அழுத்த முன்வந்தான், வேண்டாம் என்றார். முன்பக்கம் சிறிது, பின்பக்கம் சிறிது என்று அவர் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தார். அரைமணி நேரத்திற்குப் பின் ஒரு நூலளவு அசைந்தது. அதற்கு மேல் தள்ளாமல் மீண்டும் பின்னோக்கித் திருப்பினார். அசைந்தது என்பதற்காகத் தொடர்ந்து தள்ளினால், கிளம்பிய துருத்துகள் வளையத்துக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக் கீறிவிடுமாம். மேலும் எண்ணெய் விட்டார். மாலைக்குள் ஒரு முழுச் சுற்று வந்தது.

1970-ஆம் ஆண்டளவில் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயல் பயிற்சிப் பள்ளிகளில் இன்னும் நீங்கவில்லை. தக்ளியில் நூல் நூற்க வேண்டும். நூல் அறுந்தால் பஞ்சை இழுத்து முறுக்காமல், அறுந்த முனையைப் பஞ்சோடு சேர்த்து, தானாகப் பற்றும் வரை மெல்லச் சுழற்ற வேண்டும். ‘கை கற்றதை மனம் பிறகு கற்கும்’ என்பது அக்காலக் கருத்து. கையில் திறமில்லாத எத்தனையோ நல்லவர்களையும், கைத்திறம் மிக்க எத்தனையோ கடுமனத்தவர்களையும் கண்டபின், அக்கருத்தை நாம் முழுமையாக நம்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் பள்ளியை விட்டிருந்து மீண்டும் வந்த பிள்ளையை முதல் நாளே கரும்பலகைக்கு அழைக்கக் கூடாது என்பதும் இது போன்றதே என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளை எஞ்சின் அன்று. உவமையை இவ்வளவில் நிறுத்துகிறோம்.

பின்வந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் பக்கம் நிறைந்துவிடும். பழைய எண்ணெய் வடிக்கப்பட்டது. அதில் நீர் கலந்தால் மோர்போல வெளுத்திருக்கும் என்று காட்டிக் கொடுத்தார். நல்லவேளையாகக் கறுப்பாகவே இருந்தது. பெட்ரோல் தொட்டியில் இருந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. எளிதில் ஆவியாகக் கூடிய பகுதி எல்லாம் போய், வார்னிஷ் நாற்றம் அடிக்கும் பிசினாக எஞ்சியிருந்தது. மகன் அதனைக் கொட்டகைக்குப் பின்னே குழியில் கொட்டப் போனான். மண்ணில் ஊறி மண்புழுவைக் கொல்லும், கிணற்றுக்கும் இறங்கும் என்று அண்ணியார் தடுத்துவிட்டார். மூடிய கேனில் அடைத்துக் கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்தார்கள். தொட்டி துருவேறியிருந்தமையால், அதனோடு இணைக்காமல், ஒரு சிறிய கேனிலிருந்தே பெட்ரோல் வரும்படி தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். ரப்பர்க் குழாய்கள் யாவும் புதியனவாக மாற்றப்பட்டன. அதற்கு ஒரு புதிய காரணமும் உண்டு. இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. 2025-இல் அக்கலப்பு இருபது விழுக்காட்டை எட்டியது. அக்காலத்து ரப்பர் அதனைத் தாங்காது. இளகும் அல்லது வெடிக்கும். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் சொட்டினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பம்பின் கிழிந்த டயபிரத்தையும் மாற்றினார்கள். அதன் விலையைக் கேட்டு அண்ணியார் ஒரு கணம் பேசாமல் இருந்தார். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைதான்.

கார்புரேட்டரின் பித்தளைத் துளைகளை எஃகு ஊசியால் குத்தாமல் காற்றடித்தே சுத்தம் செய்தார். குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோலின் அளவு என்றைக்கும் தவறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயிண்டுகள் பாசி பிடித்தவைபோல் மங்கியிருந்தன. மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, அவை பிரியும் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்காக வைத்தார். தகட்டளவைக் கருவி இருந்தும், தம் கண்ணளவால் முதலில் வைத்துவிட்டுப் பிறகே கருவியால் சரிபார்த்தார், சரியாகவே இருந்தது. நமக்கு அது ஒரு வியப்பு. பிளக்குகளைக் கழற்றிய நிலையிலேயே ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறி முகப்பிலிருந்த சிவப்பு விளக்கு அணையும் வரை பார்த்தார். எண்ணெய் எல்லா இடமும் சென்று சேர்ந்தது என்று அறிந்த பின்புதான் தீப்பொறியைப் பற்றிய பேச்சு.

வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாத நஞ்சு. மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ஆவணி மாதத்து ஒரு காலை. முதல் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. ஊறப்போட்ட எண்ணெய் எரிந்து, நீலப்புகை தெருவை நிறைத்தது. எதிர்வீட்டுக் குழந்தை இருமியது. அதன் தாய் கதவைச் சாத்திக்கொண்டார். சில நிமிடங்களில் புகை மெலிந்தது. எட்டு நிமிடம் ஓடவிட்டு, நீரின் சூட்டைப் பார்த்து நிறுத்தினார். அண்ணியார் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் மெக்கானிக்குக் காப்பி கொண்டுவந்தார்.

இவ்வளவோடு கதை இனிதாக முடிந்தது என்று எழுதலாம்; ஆனால் வினா முடியவில்லை. எஞ்சின் ஓடியதும் மகன் செய்ய விரும்பியது என்ன? அம்மாவை ஏற்றிக்கொண்டு உடனே ஜினாலயத்துக்குப் போய்வர வேண்டும் என்றான். விருப்பம் நல்லதுதான். மெக்கானிக் சாவியை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரேக்கு எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுகள் பல ஆனால் சக்கரங்களில் உள்ள சிலிண்டர்கள் துருவேறி இறுகும், அல்லது ரப்பர் கெட்டு ஒழுகும். டயர்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பக்கங்களில் வெடிப்பு ஓடியிருந்தது. “ஓடறது எஞ்சின், நிக்கறது பிரேக்கு. நிக்காத வண்டியில உங்க அம்மாவை ஏத்தாதீங்க” என்று முடித்துவிட்டார். நாம் இதனை மிகவும் எண்ணிப் பார்த்தோம். புத்துயிர் கொடுத்தல் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் முடுக்கும் ஆற்றலைத்தான். ஒலி எழுந்தால், புகை வந்தால், உயிர் வந்துவிட்டது என்கிறோம். பிரேக்குக்கு ஒலி கிடையாது. அதற்குக் கைதட்டுவாரும் இல்லை. நாற்பதாயிரத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும் என்பதும் அன்றுதான் மகனுக்குத் தெரிந்தது. வண்டியின்மேல் உள்ள அன்புக்கும் வண்டியை ஓட்டும் இன்பத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த நேரத்தில் வெளிப்படுகிறது. பாதியில் நின்றுபோகும் மறுசீரமைப்புகள் பல இவ்விடத்தில்தான் நின்றிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

புகையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து எஞ்சினில் புகையைத் தூய்மை செய்யும் கருவி எதுவும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு இன்றைய காரைவிட மிகுந்த நஞ்சை அது வெளியிடும். எதிர்வீட்டுக் குழந்தையின் இருமலை நாம் கேட்டோம். ஆகவே, இதனை நாள்தோறும் ஓட்டுவது எவ்வகையிலும் நியாயம் ஆகாது. இதில் சட்டமும் நம்மோடு ஒத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகத் தனியே பதிவு செய்ய 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டவை கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு அன்றி வழக்கமான போக்குவரத்துக்கு ஓடக் கூடாது. சிறிதளவே ஓடும் பழைய வண்டியினால் விளையும் கேடும், புதியதொரு வண்டியை உருவாக்க இரும்பும் நிலக்கரியும் எரிவதால் விளையும் கேடும் எது பெரிது என்று கணக்கிட்டுச் சொல்வார் உண்டு. ஆனால் இந்தக் குடும்பத்தில் யாரும் இந்த வண்டிக்குப் பதிலாகப் புதிய வண்டி வாங்கப் போவதில்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆகையால் அந்தக் கணக்கு இங்கே சாக்காகவே முடியும்.

அப்படியானால் எதற்காக இவ்வளவும் என்று கேட்பவர்க்கு நாம் கூறக் கூடியது ஒன்றே. நின்ற வண்டியை இலவசமாகவும் யாருக்கும் கொடுக்க முடியாது. எடைக்குத்தான் கொடுக்க முடியும். ஓடும் வண்டியைக் கொடுக்க முடியும். தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளைகளுக்கு, எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும்படி திறந்துகொள்ளும் இந்த எஞ்சினைப் போன்ற பாடநூல் கிடைப்பது அரிது. இக்காலத்துக் கார்களின் முகப்பைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. கொடுக்கும்படி நாம் மகனைக் கேட்டிருக்கிறோம். “ஓடட்டும் அத்தை, சொல்கிறேன்” என்கிறான். கொடுக்கக் கூடிய நிலைக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்த பிறகு அதனைக் கொடுக்க மனம் வருமா வராதா என்பதில்தான் அண்ணியாரின் ஐயம் நிற்கிறது. அவர் ஐயம் தவறென்று காட்ட இன்றுவரை நம்மிடம் சான்று இல்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த எஞ்சினோடு கழித்தவனுக்கு அதன்மேல் பற்று முன்னைவிட மிகுந்திருக்கும் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

அந்தப் பெண் செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ஈடாக வர வேண்டிய தொகையில் முதல் தவணையை மகன் கட்டிவிட்டான். இரண்டாவது ஆனி மாதத்தில் கட்ட வேண்டும். கணக்கு நோட்டு அண்ணியாரிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் வண்டிக்கான செலவும் எதிர்ப்பக்கத்தில் படிப்புக்கான செலவும் அவர் கையாலேயே எழுதி வருகிறார். பிரேக்கு சிலிண்டர்களின் ரப்பர்கள் இன்னும் வந்து சேரவில்லை. சாவி மெக்கானிக்கிடமே இருக்கிறது.